ஒரு டிக்கோடு நின்றுபோன ஈ.சி.ஜி.

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 5ஜி வந்தால் ஓடுகிற ஆம்புலன்ஸுக்குள்ளேயே டாக்டர் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் என்று போன வாரம் டீக்கடையில் ஒருவர் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அப்பாவின் நினைவுதான் வந்தது.

எங்கள் ஊர் ஒகேனக்கல் பக்கம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்தில் ஈ.சி.ஜி. எடுத்த நர்ஸம்மா, அதைப் போனில் படம் பிடித்து தருமபுரியில் ஒரு டாக்டருக்கு வாட்ஸ்அப் பண்ணினார். எங்களையும் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். காட்டுப்பாதையில் பென்னாகரம் வரைக்கும் நான் அந்த டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தேன், கிடைக்கவே இல்லை. நர்ஸம்மா அனுப்பிய படம் டாக்டருக்குப் போய்ச் சேராமல் ஒரே டிக்கோடு நின்றது அப்புறம்தான் தெரிந்தது. தருமபுரி போய்ச் சேர்ந்து மறுபடி முதலில் இருந்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நல்லவேளை, அப்பா பிழைத்துக்கொண்டார்.

மாரடைப்பில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவுக்கு இதயத் தசை பிழைக்கும். படம் முன்கூட்டியே போயிருந்தால் ஊசி தயாராக இருந்திருக்கும். இத்தனைக்கும் ஈ.சி.ஜி. படம் சின்னது, அதற்கு 5ஜி எல்லாம் வேண்டியதே இல்லை, பழைய சிக்னல் ஒழுங்காக இருந்தாலே போதும்.

5ஜிக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. தொப்பூர் கணவாயில் லாரி மோதி அடிபட்டவரைத் தூக்கிப் போகும்போது, வண்டிக்குள் எடுக்கிற ஸ்கேனையும் காயத்தையும் டாக்டர் நேரலையில் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேகம் வேண்டும்தான். ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரில் தொங்கும்போது, ஆம்புலன்ஸுக்கு மட்டும் தனிப்பாதை ஒதுக்கித் தர 5ஜியால் முடியும். எனக்குப் பிடித்ததே அதுதான், ரோட்டில் சைரன் கேட்டால் ஒதுங்குகிறோமே, அதை சிக்னலிலும் செய்வது.

ஆனால் 2022 அக்டோபரில் நாட்டில் 5ஜி தொடங்கியதில் இருந்து கூட்டம் இருக்கிற ஊருக்குத்தானே டவர் முதலில் வருகிறது? 5ஜிக்குப் பயன்படுத்தும் அலைகளில் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தூரம் போகாது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை வேகம் குறைவு, காடு மேடு தாண்டி ஓரளவு வரும். எங்கள் மலைப்பாதைக்கு வேண்டியது இரண்டாவதுதான். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தலுக்கு ஓட்டு மெஷினே கழுதை மேல்தான் ஏறிப் போயிருக்கிறது, அங்கே போய் நேரலை பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.

இன்னொன்று, படம் வேகமாகப் போனாலும் அந்தப் பக்கம் ராத்திரி 2 மணிக்குத் திரையைப் பார்க்க ஒரு டாக்டர் உட்கார்ந்திருக்க வேண்டுமே. அதை எந்த டவர் தரும்?

கலெக்டருக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். ஒரு 108 வண்டியில் எல்லா கம்பெனி சிம்மும் போட்ட நாலு போனை வைத்து, ஒகேனக்கல், சித்தேரி, வத்தல்மலை, தொப்பூர் பாதைகளில் ஒரு நாள் ஓட்டி, எந்த வளைவில் சிக்னல் செத்துப்போகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டெண்டர் கூட வேண்டாம், டீசல் செலவுதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்