‘ஒன்றுமே இல்லாத ஊர்’ வழியாகப் போகும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடைச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் நண்பர்களுக்கும், வட கரோலினா மாநிலத்தின் ராலே, கேரி, மோரிஸ்வில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வருஷம் ஜூலையில் ஆறு வண்டிகளில் ஓக்ரகோக் தீவுக்குப் போய்வந்தோம். திரும்பி வந்த இரவே வாட்ஸாப் குழுவில் படங்கள் கொட்டின. நடுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: “தீவு சூப்பர். ஆனா ஃபெர்ரி வரைக்கும் போற ரோடு செம போர். ஒண்ணுமே இல்லாத ஊரு.” அதற்கு விழுந்த கட்டைவிரல்கள் இருபத்துமூன்று. அதில் ஒன்று என்னுடையது. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நாம் ரசித்த தீவும் திட்டிய சாலையும் வேறு வேறு ஊர்களில் இல்லை. 1845 முதல் ஓக்ரகோக், நம்மூர் மாவட்டம் மாதிரியான ஹைட் கவுண்டியைச் சேர்ந்தது. அதாவது சோயா வயலும் வாய்க்காலும் பட்டமரமுமாக ஒரு மணி நேரம் நம்மைக் கொட்டாவி விட வைத்த அதே கவுண்டிதான் நம்மைக் கப்பலில் ஏற்றி, இரண்டரை மணி நேரம் பாம்லிகோ உள்கடலைக் கடக்க வைத்து, இன்னொரு பக்கம் இறக்கியும் விட்டது. தீவுவாசிகள் தங்கள் கவுண்டி அலுவலகத்துக்கு நேராகப் போகவேண்டுமென்றால் நாம் போன அதே ஃபெர்ரியில் எதிர்த்திசையில் வரவேண்டும். ஒரு பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீஸ் போக இரண்டரை மணி நேரம் கப்பல் என்று நினைத்துப் பாருங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், நம் கூட்டத்துக்குக் கணக்கு பிடிக்கும். ஹைட் கவுண்டியின் பரப்பு 1,400 சதுர மைலுக்கு மேல். அதில் பாதிக்கு மேல் தண்ணீர். நிலம் மட்டும் 600 சதுர மைல் சொச்சம். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 4,589 பேர். நம் மோரிஸ்வில் பத்து சதுர மைல்கூட இருக்காது, அங்கே ஏறத்தாழ 30,000 பேர். ஹைட்டில் 2010-ல் 5,810 பேர் இருந்தார்கள். பத்தே வருஷத்தில் ஐந்தில் ஒருவர் குறைந்துவிட்டார்கள். 1900-ல் ஒன்பதாயிரத்துக்கு மேல் இருந்தார்களாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் கவுண்டியில் ஒரு மாநிலச் சிறை இருக்கிறது. கணக்கெடுப்பில் கைதிகளும் சேர்த்திதான். ஆக, இரவு வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பவர்கள் அந்த எண்ணிக்கையிலும் குறைவு. நகராட்சி என்று பதிவான ஊர் ஒன்றுகூட இல்லை. தலைநகர் ஸ்வான் குவார்ட்டருக்கே மேயர் கிடையாது.

சரி, ‘ஒன்றுமே இல்லை’ என்பது அப்படியானால் உண்மைதானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் இந்த வருஷம் ஜனவரியில் நானும் என் மனைவியும் மட்டும் ஒரு சனிக்கிழமை கிளம்பி மறுபடியும் போனோம்.

264 நெடுஞ்சாலையிலிருந்து 94-ல் திரும்பினால் மாட்டமஸ்கீட் ஏரி. மாநிலத்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி அது. 18 மைல் நீளம், ஏழு மைல் அகலம். ஆழம் என்ன தெரியுமா? பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. 1942-ல் ஏரியின் குறுக்கே கரை போட்டுச் சாலை அமைத்திருக்கிறார்கள், வண்டி தண்ணீருக்கு நடுவே போகிறது. ஜன்னலை இறக்கினோம். தூரத்துக் கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிற மாதிரி ஒரு இரைச்சல். அலாஸ்காவின் ஆர்க்டிக் கரையிலிருந்து குளிருக்கு இறங்கி வந்த அன்னங்கள். ஆயிரக்கணக்கில். வெள்ளை வெளேரென்று, கறுத்த அலகோடு, தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பின்புறத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேய்கின்றன. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அன்னம், இங்கே சேற்றைக் கிளறிக் கிழங்கு தின்றுகொண்டிருக்கிறது. என் மனைவி வெகுநேரம் பேசவே இல்லை. அது அபூர்வம்.

ஏரிக்கரையில் ஒரு விசித்திரமான கட்டடம் நிற்கிறது. பெரிய பங்களா மாதிரி இருக்கும், பக்கத்தில் கலங்கரை விளக்கம் மாதிரி ஒரு கோபுரம். அது கலங்கரை விளக்கம் இல்லை, புகைபோக்கி. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஏரியை இறைத்துக் காயவைத்து வயலாக்க வந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கம்பெனிகள். உலகத்திலேயே பெரிய நீரேற்று நிலையம் என்று அப்போது பேர் வாங்கிய இயந்திரங்களை வைத்து, நிமிடத்துக்குப் பத்து லட்சம் கேலனுக்கு மேல் இறைத்தார்கள். ஏரியின் தரை கடல் மட்டத்துக்கும் கீழே. அதனால் தண்ணீர் தானாக வடியாது, வாய்க்காலில் ஏற்றித்தான் கடலுக்கு அனுப்பவேண்டும். ஏரிப் படுகையிலேயே நியூ ஹாலந்து என்று ஓர் ஊர் எழுந்தது, ரயில் வந்தது, சோயாவும் மக்காச்சோளமும் விளைந்தன. மழை பெய்தால் மறுபடி குளம். 1930-களின் தொடக்கத்தில் கையை விரித்துவிட்டுப் போனார்கள். இயந்திரம் நின்றதும் ஏரி தன் இடத்தை எடுத்துக்கொண்டது. 1934-ல் மத்திய அரசு வாங்கிப் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. இறைக்கும் நிலையம் வேட்டைக்காரர்கள் தங்கும் விடுதியானது, புகைபோக்கிக்குள் படிக்கட்டு வைத்து உச்சியில் பார்வை மாடம் கட்டினார்கள். 1974-ல் விடுதியையும் மூடினார்கள். நம்மில் பாதிப் பேர் ஸ்டார்ட்அப்களில் வேலை பார்க்கிறவர்கள். அந்தப் புகைபோக்கியை ஒருமுறை நேரில் பார்ப்பது உடம்புக்கு நல்லது.

இந்த ஏரிக்கரையில் முதலில் இருந்தவர்களும் கம்பெனிக்காரர்கள் இல்லை. 1585-ல் ஆங்கிலேயர் வந்தபோது பொமியூக் என்ற ஊர் இங்கேதான் இருந்தது. வட்டமாக நட்ட மரக்கழி வேலி, உள்ளே பாய் போர்த்திய நீண்ட வீடுகள், நடுவில் நெருப்பு. ஜான் வைட் வரைந்த அந்த ஓவியம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மாட்டமஸ்கீட் மக்களுக்கென்று 1727-ல் நிலம் ஒதுக்கினார்கள். சில பத்தாண்டுகளுக்குள் அதுவும் கைமாறிப்போய்விட்டது. பெயர் மட்டும் ஏரிக்கு மிச்சம். கவுண்டியின் பெயரோ எட்வர்ட் ஹைட் என்ற ஆளுநருடையது. 1712-ல் பெயர் வைத்தார்கள், அதே வருஷம் மஞ்சள் காய்ச்சலில் மனிதர் போய்விட்டார்.

ஸ்வான் குவார்ட்டரில் ஃபெர்ரிக்குக் காத்திருந்த ஒன்றரை மணி நேரமும் நாம் வண்டிக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. 1876-ல் ஊர் நடுவே ஓர் இடத்தைக் கேட்டார்கள், சொந்தக்காரர் தரமாட்டேன் என்றார். சரி என்று வேறொரு இடத்தில் மரத்தால் கட்டினார்கள். அந்தச் செப்டம்பரில் புயல் வந்தது, வெள்ளம் ஏறியது, செங்கல் தூண்கள்மேல் உட்கார்ந்திருந்த கட்டடம் அப்படியே மிதந்து, தெருவில் போய், திருப்பத்தில் திரும்பி, முதலில் கேட்ட அதே இடத்தில் போய் நின்றதாம். சொந்தக்காரர் பயந்துபோய் இடத்தை எழுதிக்கொடுத்துவிட்டார். நம் குழுவில் இருக்கும் சிவில் என்ஜினியர்கள் மிதப்புவிசையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எனக்கு, நம்மூரில் ஆற்றில் மிதந்து வந்து கரையொதுங்கிய அம்மன் கதைகள் ஞாபகம் வந்தன. எந்த ஊரானாலும் வெள்ளத்தோடு வாழ்கிறவர்கள் சாமிக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது. 1968-ல் இங்கே பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கச் சொன்னபோது, கருப்பினப் பிள்ளைகள் படித்துவந்த இரண்டு பள்ளிகளையும் மூடிவிட்டு எல்லோரையும் வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தார்கள். சேர்ந்து படிப்பதைப் பெற்றோர் எதிர்க்கவில்லை. எங்கள் பாட்டன் பூட்டன் வியர்வை சிந்தி வளர்த்த பள்ளிகளை ஏன் மூடுகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். ஒரு முழுக் கல்வியாண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. தேவாலயங்களில் பாடம் நடந்தது. இரண்டு முறை ராலே வரைக்கும் பேரணி போனார்கள். நிறையப் பேர் கைதானார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில் உண்டு. கடைசியில், 1969 நவம்பரில், பள்ளிகளை ஒரே இடத்துக்குக் கொண்டுபோகக் கடன் பத்திரம் மூலம் பணம் திரட்டும் திட்டம் வாக்கெடுப்பில் தோற்றது. இரண்டு பள்ளிகளும் தப்பின. ராலே வரைக்கும் அவர்கள் பேரணி போன தூரம், நாம் மூன்று மணி நேரத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே கடந்துவிடுவது.

நண்டு பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. அன்று தீவில் நண்டு கேக் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினோமே. இந்தக் கரையில் நீல நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சின்னக் கத்தியால் சதையை எடுக்கும் வேலையை முன்பு உள்ளூர்ப் பெண்கள், பெரும்பாலும் கருப்பினப் பெண்கள், செய்தார்கள். கடந்த முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தில் மெக்சிகோவிலிருந்து வரும் பெண்கள். விசாவின் பெயர் எச்-2பி. நாம் எச்-1பி. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ஓர் எண்தான். நம்மைப் போல கிரீன் கார்டு வரிசையில் நின்று அலுத்துக்கொள்ளும் பாக்கியம்கூட அவர்களுக்குக் கிடையாது. பருவம் முடிந்தால் ஊருக்குப் போகவேண்டும், அடுத்த பருவத்துக்குத் திரும்ப வரவேண்டும்.

அந்தக் கவுண்டியில் மருத்துவமனை இல்லை. பக்கத்துக் கவுண்டியில் பெல்ஹேவன் ஊரில் ஒன்று இருந்தது, 2014 ஜூலையில் அதையும் மூடினார்கள். அந்த ஊர் மேயர் அதை எதிர்த்து வாஷிங்டன் டி.சி. வரை 273 மைல் நடந்தே போனார். மருத்துவமனை திறக்கவில்லை. நமக்கு நெஞ்சு லேசாகக் கரித்தால் டியூக் மருத்துவமனைக்குப் போவதா, சேப்பல் ஹில் மருத்துவமனைக்குப் போவதா என்று யோசிக்கிறோம்.

அப்புறம் தண்ணீர். நான் பிறந்தது காவிரிக் கடைமடைப் பக்கம். அதனால் எனக்கு அந்தச் சாலையோரத்துப் பட்டமரங்களைப் பார்த்ததும் புரிந்திருக்கவேண்டும், புரியவில்லை. நின்ற இடத்திலேயே செத்து, பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில் வரிசையாக நிற்கின்றனவே, அவை தீயில் செத்தவை அல்ல. உப்பு. கவுண்டியின் பல பகுதிகள் கடல் மட்டத்துக்கு மூன்றடி மேலேதான் இருக்கின்றன. வயலை வடிக்க வெட்டிய வாய்க்கால்களிலேயே உப்புத் தண்ணீர் பின்னோக்கி ஏறுகிறது. பேய்க் காடு என்கிறார்கள். மக்காச்சோளம் ஓரத்தில் மட்டும் கட்டையாக நிற்பதை உற்றுப் பார்த்தால் தெரியும். எங்கள் ஊரில் நெற்பயிர் உப்பு பட்டு நுனி கருகுவது மாதிரியேதான்.

தீவிலும் தண்ணீர் நாம் நினைக்கும் பக்கத்திலிருந்து வரவில்லை. 2019 செப்டம்பர் 6 காலை, டோரியன் புயலில், அட்லாண்டிக் பக்கம் ஓக்ரகோக்கை முழுக்கடிக்கவில்லை. காற்று முதலில் பாம்லிகோ தண்ணீரை ஆற்று முகங்களுக்குள் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது. காற்று திசை மாறியதும் அவ்வளவும் திரும்பி வந்து பின்பக்கத்திலிருந்து ஏறியது. கொஞ்ச நேரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர். நாம் தங்கிய வீதியில் வீடுகள் ஏன் கால் முளைத்த மாதிரி தூண்மேல் நிற்கின்றன என்று பிள்ளைகள் கேட்டார்கள், “டிசைன்” என்று சொல்லிச் சமாளித்தோம்.

2008 ஜூனில் ராலேயில் இருந்த மூத்தவர்களுக்கு ஒரு புகை நாற்றம் ஞாபகம் இருக்கலாம். அது இந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். செடிகொடி மட்கி ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்ந்த மண், வடித்துக் காயவைத்தால் மண்ணே எரியும். மின்னல் விழுந்து பற்றி 40,000 ஏக்கருக்கு மேல், மாதக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்தது. ‘ஒன்றுமில்லாத ஊர்’ நம் வீட்டு ஜன்னல் வரைக்கும் வந்து கதவைத் தட்டிவிட்டுத்தான் போயிருக்கிறது.

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் கோடையில் ஃபெர்ரிக்குக் காலையில் விழுந்தடித்துக்கொண்டு ஓடாமல் முந்தின நாளே கிளம்பி ஓர் இரவு ஹைட் நிலப்பக்கத்தில் தங்குவோம். சாப்பாடு, ஐஸ், பெட்ரோல் எல்லாவற்றையும் கேரியிலேயே அடைத்துக்கொண்டு போகாமல், கொஞ்சமாவது ஹைட்டிலேயே இருக்கும் எங்கல்ஹார்ட் ஊர்ப் பக்கத்துக் கடையில் வாங்குவோம். காலி வயல் மாதிரி தெரிகிறதே என்று டிரோன் பறக்கவிடவேண்டாம், சரணாலயத்தில் அது குற்றம். யாராவது ஒருவர் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிக்கூடக் கதையை ஃபெர்ரியில் வைத்துச் சொல்லட்டும். இரண்டரை மணி நேரம் இருக்கிறது, அங்கே சிக்னலும் சரியாக வராது.

குளிர்காலப் பயணத்துக்குக் கோடை வரைக்கும் காத்திருக்க முடியாது. அன்னங்கள் பிப்ரவரி கடைசிக்குள் கிளம்ப ஆரம்பித்துவிடும். வரும் ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு நாங்கள் புறப்படுகிறோம். வண்டியில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்கள் பொறுப்பு. பைனாகுலர் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், போன தடவை எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதை மனைவி கடைசிவரை தரவே இல்லை.

அன்புடன்,
அந்த இருபத்துமூன்று கட்டைவிரல்களில் ஒன்று