மருந்தடிக்காத புகையிலை: இயற்கைச் சந்தை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சந்தையை நடத்தும் நண்பர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு செக்கு எண்ணெய்க்கும் கம்பு அவலுக்கும் நடுவில் புதிதாக ஒரு கடை போட அனுமதித்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'மருந்தடிக்காத நாட்டுப் புகையிலை, கம்பெனிச் சரக்கு போலக் கெடுதல் இல்லை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே பொட்டலங்கள், கட்டுக் கட்டாகப் பீடி. எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு 23, 24 வயதுதான் இருக்கும். "சிகரெட்டை விட்டுட்டு இதுக்கு மாறிட்டேன்க்கா, இது இயற்கைதானே" என்றான். உங்கள் ஆளிடம் போய்க் கேட்டால், "அதுவும் இயற்கை விவசாயம்தானே" என்று அவரும் அதையே சொல்கிறார். அந்தக் கடையை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் அப்பா வேதாரண்யம் பக்கம் புகையிலை போட்டவர். ஆட்டுக்கிடை கட்டி, வேப்பம்புண்ணாக்கு போட்டு, மணலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. பூச்சிமருந்து பட்டதே இல்லை. கடைப் பாக்கெட்டை அவர் தொடமாட்டார், "அது பூரா கெமிக்கல், இது நம்ம மண்ணுல வெளைஞ்சது" என்பார். நம்ம மண்ணில் விளைந்ததை 30 வருஷம் இடது கன்னத்தில் அதக்கினார், புற்றுநோய் அந்தக் கன்னத்தில்தான் வந்தது. கடைசி 7 மாதம் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். அம்மா கஞ்சியைத் துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து மெதுவாக ஏற்றுவார், அதில் ஒரு நொய் தப்பிப் போனாலும் குழாய் அடைத்துக்கொள்ளும், உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசனை வந்தால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நாங்கள் மீன் வாங்குவதையே விட்டுவிட்டோம்.

நிகோடினைக் கம்பெனிக்காரன் இலையில் ஊற்றவில்லை. செடியே வேரில் அதை உண்டாக்கி இலைக்கு அனுப்புகிறது, பூச்சி தின்னாமல் இருக்க. இது உங்களுக்குத் தெரியாததா? பூச்சியை விரட்ட அக்னி அஸ்திரக் கரைசல் காய்ச்சும்போது புகையிலையை எதற்குப் போடுகிறீர்கள்? அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதியில், புகையிலைத்தூள் இயற்கையாகக் கிடைக்கும் பொருள்தான் என்றாலும், அதைப் பயிருக்குப் போடக் கூடாது என்று தடையே இருக்கிறது. எங்கள் கொல்லையில் பனி ஈரத்தோடு கொழுந்து கிள்ளப் போகிற நாளெல்லாம் அம்மாவுக்குத் தலைசுற்றும், மதியம் வரை வாந்தி எடுப்பார். மருந்தே அடிக்காத செடி அது.

கம்பெனி சிகரெட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மெந்தால், சர்க்கரை, கொக்கோ என்று எதையெதையோ சேர்த்துத்தான் புகையை இதமாக்குகிறார்கள். ஆனால் அதெல்லாம் சேர்க்காத இலையையும் உலர்த்திப் பாடம் செய்யும்போது புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் உருவாகத்தான் செய்கின்றன, பீடியாகச் சுற்றிக் கொளுத்தினால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்கின்றன. அமெரிக்காவில் 'நேச்சுரல் அமெரிக்கன் ஸ்பிரிட்' சிகரெட்டை இப்படித்தான் விற்றார்கள். இயற்கைப் புகையிலை என்பதால் சிகரெட் பாதுகாப்பானது ஆகிவிடாது என்று விளம்பரத்திலேயே போட 2010இல் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2015இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2017இல் லேபிளில் 'சேர்மானம் இல்லாதது' என்று போடுவதையும் விட்டுவிடச் சம்மதித்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியே சொல்லக் கூடாத பேச்சை நம் சந்தையில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடலாமா?

அதுவும் எங்கே? பள்ளிக்கூட மைதானத்தில்! கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. கடையில் வாங்கும் சிகரெட் பாக்கெட்டிலாவது 85 சதவீதத்துக்குப் படத்தோடு எச்சரிக்கை இருக்கிறது. இந்தப் பொட்டலத்தில் ஒரு வரி இல்லை. அப்பா படுத்திருந்த வார்டில் இருந்தவர்களின் முகம் அந்தப் பாக்கெட் படங்களைப் போலத்தான் இருந்தது.

இப்போது சோப்பிலிருந்து தலைமுடிச் சாயம் வரை எதில்தான் 'இயற்கை' என்று ஒட்டவில்லை? மூன்று போகம் நஷ்டப்பட்டும் யூரியா போடாமல் நின்ற விவசாயிகள் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது, அவர்களை நம்பித்தான் நாங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். அந்த நம்பிக்கையை எடுத்துப் புகையிலைக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரும் எங்கள் அப்பா மாதிரி நம்பித்தான் விளைவித்திருப்பார். அந்த மண்ணில் கடலை போட்டுக் கொண்டுவந்தால் முதல் ஆளாக நான் வாங்குகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த சந்தைக்குள் அந்தக் கடையை எடுத்துவிடுங்கள். அந்தப் பையன் திரும்பவும் அதைத் தேடி வருவான். ஏன் எடுத்தீர்கள் என்று உங்களில் ஒருவர் அவனிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
மாதா மாதம் எண்ணெய்த் தூக்கோடு வரும் ஒருத்தி