கலாவுக்கு, என் உடம்பைப் பத்தி கொஞ்சம் விவரமா

அன்புள்ள கலா,

உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு. பதில் போடலன்னதும் கோவமான்னு ஒரு மெசேஜ் போட்டிருந்தே, கோவம்லாம் ஒண்ணும் இல்லடி, சொல்ல வேண்டியது நிறைய இருந்துச்சு, விரல் ஒத்துழைக்கல, அவ்வளவுதான். இதைக்கூட விட்டு விட்டுத்தான் அடிக்கிறேன், அங்கங்க கோர்வை இல்லாம இருந்தா பொறுத்துக்கோ. அம்மாவோட கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் எனக்கு நிம்மதி, இப்ப அவங்களே பேப்பர் எடுத்துப் படிக்கிறாங்கன்னு எழுதியிருந்தியே அந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன். பையன் ஹாஸ்டலுக்குப் போனதுல வீடே வெறிச்சுன்னு இருக்குன்னு சொன்னே. இருக்கும்டி, அதைப் பத்தி தனியா போன்ல பேசுவோம், அழணும்னா அழு, நான் கேக்கிறேன்.

இப்ப நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். உன் ஆபீஸ்ல ஒருத்தருக்கு லைம் டிசீஸ்னு, அதான் உண்ணி கடிச்சு பாக்டீரியாவால வர்ற நோய்னு கண்டுபிடிச்சு, மாசக்கணக்கா ஆன்டிபயாடிக் கொடுத்து, இப்ப ஆளே மாறிட்டாரு, நீயும் அந்த டாக்டர்கிட்ட போ, அப்பாயின்ட்மென்ட் நானே வாங்கித் தர்றேன், பணம் பத்தலன்னா அதையும் பார்த்துக்கலாம்னு எழுதியிருந்தே. அதைப் படிச்சப்ப நெஞ்சு அடைச்சிடுச்சு. ஆனா நான் போகப் போறதில்ல கலா. ஏன்னு உனக்கு முழுசா சொல்லணும், ஏன்னா நீ கேட்டது என் மேல இருக்கிற அக்கறையில, அதுக்கு ஒரு வரியில வேண்டாம்னு சொல்ல மனசு கேக்கல.

முதல்ல இப்ப எப்படி இருக்கேன்னு சொல்லிடறேன். காலைல எழுந்தா விரல் மடங்காது. பேஸ்ட் மூடியைத் திருக முடியாம ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு உருட்டித்தான் திறக்கிறேன், ஒரு மணி நேரம் போனா கொஞ்சம் இளகும். வலது முட்டி அப்பப்ப வீங்கும், தொட்டா சூடா இருக்கும், கொஞ்ச நாள்ல தானா வடிஞ்சிடும், நான் டாக்டர்கிட்ட போய் நிக்கிற நேரம் பார்த்து அது வடிஞ்சுதான் இருக்கும். எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்ல. மீட்டிங்ல என் டீம்ல வருஷக்கணக்கா கூட வேலை பார்க்கிற பொண்ணோட பேரு வாயில வரல, அவ என் எதிர்லயே உக்காந்திருக்கா, நான் முழிக்கிறேன், அவளே புரிஞ்சுக்கிட்டு பேச்சை எடுத்துக்கிட்டா. இதெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு மேலயே ஓடுது. பார்க்கிறவங்க எல்லாரும் பார்க்க நல்லாத்தானே இருக்கேன்னு சொல்றாங்க.

லைம்ங்கிற பேச்சு எப்படி வந்துச்சுன்னா, பார்த்த டாக்டர் எல்லாரும் ஸ்ட்ரெஸ், வயசு, ஹார்மோன்னு சொல்லிட்டு இருந்தப்ப ஒரே ஒரு சின்ன வயசு டாக்டர்தான் இதுக்கு முன்னாடி எங்கெங்க இருந்தீங்கன்னு கேட்டாரு. நான் அமெரிக்காவுல கனெக்டிகட்ல வேலை பார்த்த காலத்தைச் சொன்னேன், லீவு நாள்ல காட்டுப் பாதையில நடப்போம்னு சொன்னேன், உடனே அவரு பேனாவை கீழ வெச்சிட்டு உண்ணி கடிச்சுதா, சிவப்பா வட்டமா பரவினதா எதாவது ஞாபகம் இருக்கான்னு கேட்டாரு. எனக்கு ஞாபகம் இல்ல. இல்லாததுல ஆச்சரியமும் இல்லையாம், அந்த உண்ணி குட்டியா இருக்கிறப்ப கசகசா அளவுதான் இருக்கும், வலிக்காது, முட்டிக்குப் பின்னாடி, அக்குள், தலைமுடிக்குள்ளன்னு கண்ணுக்குத் தெரியாத இடமா பார்த்து ஒட்டிக்கும், பொதுவா ஒரு நாளுக்கு மேல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிச்சாத்தான் கிருமி உடம்புக்குள்ள இறங்கும். அந்தத் தடிப்பும் நூத்துல எழுபது எண்பது பேருக்குத்தான் வருது, வந்தாலும் படத்துல காட்டுற மாதிரி வட்டத்துக்குள்ள வட்டமா இருக்கணும்னு இல்ல.

அந்த நோய்க்குப் பேரு வந்த கதை உனக்குத் தெரியுமா? கனெக்டிகட்ல லைம்னு ஒரு ஊரு, பக்கத்துல ஓல்ட் லைம். 1975ல அங்க இருந்த பாலி முர்ரேன்னு ஒரு அம்மா, ஜூடித் மென்ஷ்னு இன்னொரு அம்மா, ரெண்டு பேரும் எங்க ஊர்ல இவ்வளவு குழந்தைங்களுக்கு மூட்டு வீங்குது, இது சாதாரணமா படலன்னு ஹெல்த் டிபார்ட்மென்ட்டுக்கும் யேல் யுனிவர்சிட்டிக்கும் போய் சொன்னாங்க. பாலி முர்ரே வருஷக்கணக்கா தானே உடம்பு முடியாம டாக்டர் டாக்டரா ஏறி இறங்கி, எல்லாம் மனசுலதான்னு கேட்டு சலிச்சவங்க. வீட்டுல யாருக்கு எப்ப என்ன வந்துச்சுன்னு குறிச்சு வெச்சிருந்தாங்க. ஆலன் ஸ்டீர்னு ஒரு டாக்டர் போய் விசாரிச்சு 51 பேரை பதிவு பண்ணாரு, அதுல 39 பேர் குழந்தைங்க. கிருமி எதுன்னு தெரிய இன்னும் வருஷமாச்சு, வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியோட வயித்துக்குள்ள அந்தச் சுருள் சுருளான பாக்டீரியாவைப் பார்த்தது 1982ல பேப்பரா வந்துச்சு, அதனாலதான் அதுக்கு பொரேலியா பர்க்டார்ஃபெரின்னு அவர் பேரையே வெச்சாங்க. அந்த அம்மாங்க விடாம கேட்டதை நினைச்சா எனக்கு இப்பவும் தெம்பு வருது.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். இது ரெண்டு படியா பண்ற ரத்த டெஸ்ட். முதல்ல எலிசா, அது பாசிட்டிவோ சந்தேகமோ வந்தாத்தான் அடுத்தது வெஸ்டர்ன் ப்ளாட். ரெண்டுமே கிருமியைத் தேடுறது இல்ல, கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கின ஆன்டிபாடியைத்தான் தேடுது. அதனால கடிச்ச முதல் சில வாரம் நெகட்டிவ்னே காட்டலாம், எப்பவோ வந்து சரியாகிப் போனவங்களுக்கு வருஷம் கழிச்சும் பாசிட்டிவ்னே காட்டலாம். எனக்கு எலிசா பார்டர்ல வந்துச்சு. ப்ளாட்ல கிருமியோட ஒவ்வொரு புரோட்டீனுக்கும் ஒரு நம்பர், அதுக்கு ஆன்டிபாடி இருந்தா அங்க கோடு விழும். என் ரிப்போர்ட்ல ஐஜிஎம், அதாவது நோய் ஆரம்பத்துல வர்ற ஆன்டிபாடி பக்கம் 23லயும் 41லயும் கோடு, பார்க்கிற மூணு கோட்டுல ரெண்டு இருந்தா பாசிட்டிவ்னு கணக்கு, அதனால அங்க பாசிட்டிவ்னு போல்டா அடிச்சிருந்தான். ஐஜிஜி, அதாவது கொஞ்சம் பின்னாடி வந்து நிலைக்கிற ஆன்டிபாடி பக்கம் பத்துல அஞ்சு இருக்கணும், எனக்கு ரெண்டுதான், நெகட்டிவ்.

அந்த பாசிட்டிவ்ங்கிற ஒரு வார்த்தையைப் பார்த்தப்ப நான் பட்ட சந்தோஷத்தை உன்கிட்டதான் சொல்ல முடியும். அப்பாடா, பேரு கிடைச்சிடுச்சு, இனிமே யாரும் என்னைப் பார்த்து ஸ்ட்ரெஸ்னு சொல்ல முடியாதுன்னு. அந்த ரிப்போர்ட்டை வெச்சு ஒரு டாக்டர், உன் ஆபீஸ்காரர் பார்த்தவர் மாதிரியே ஒருத்தர்னு வெச்சுக்கோ, உடனே நெஞ்சுக்குப் பக்கத்துல லைன் போட்டு மாசக்கணக்கா ட்ரிப் ஏத்தணும், முதல்ல மோசமாகும், அது கிருமி சாகறதுக்கு அடையாளம், பயப்படாதீங்கன்னாரு. கேக்கிறப்பவே எனக்கு உறுத்திச்சு. நல்லானாலும் மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லுவாரு, மோசமானாலும் மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லுவாருன்னா, தப்பா போயிட்டிருக்குன்னு எதை வெச்சு கண்டுபிடிக்கிறது?

அதனால தொத்துநோய் ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தங்களைப் பார்த்தேன். அவங்க ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வெச்சு, ஒவ்வொரு கோடா விரலை வெச்சு காட்டி சொன்னாங்க. 41ங்கிறது பாக்டீரியாவோட வால்ல இருக்கிற புரோட்டீன், லைம் இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்தக் கோடு வரும், வேற சாதாரண பாக்டீரியாக்கும் அதே மாதிரி வால் இருக்கு. ஐஜிஎம் பாசிட்டிவை நோய் ஆரம்பிச்ச முதல் 30 நாளுக்குள்ளதான் நம்பணும். வருஷக்கணக்கா கிருமி உள்ள இருந்து முட்டியை வீங்க வைக்குதுன்னா இந்நேரம் ஐஜிஜி கோடு வரிசையா நிக்கணும், உங்களுக்கு நிக்கலன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. அவங்க வாட்ச்சைப் பார்க்காம உக்காந்திருந்தாங்க, அப்புறம் சொன்னாங்க, லைம் இல்லன்னுதான் சொல்றேன், உங்களுக்கு வியாதி இல்லன்னு சொல்லலன்னு. இதை ஒரு டாக்டர் வாயால கேக்க நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா.

லைம் ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் 10லருந்து 14 நாள் போதும், மூட்டுல இறங்கியிருந்தா 28 நாள். அதுக்கு மேல மாசக்கணக்கா கொடுத்தா பலன் இருக்கான்னு ஒழுங்கா சோதிச்சும் பார்த்திருக்காங்க. 2001ல அமெரிக்காவுல வந்த ஆராய்ச்சியில, லைம்க்கு வைத்தியம் முடிஞ்சும் வலி போகாதவங்களுக்கு ஒரு மாசம் ட்ரிப், ரெண்டு மாசம் மாத்திரைன்னு 90 நாள் கொடுத்தும் வெறும் டம்மி மருந்து எடுத்தவங்களை விட மேல போகல. 2016ல நெதர்லாந்துல 280 பேரை வெச்சுப் பண்ணதுலயும் அதே கதைதான். ஆனா நெஞ்சுல போட்ட லைன் வழியா ரத்தத்துல தொத்து ஏறி சீரியஸ் ஆனவங்க இருக்காங்க, குடல்ல கெட்ட பாக்டீரியா பெருகி உயிருக்குப் போராடினவங்க இருக்காங்க. உன் ஆபீஸ்காரருக்கு நல்லானதுல எனக்கு நிஜமாவே சந்தோஷம், அவருக்கு உண்மையாவே லைம் இருந்திருக்கலாம், டாக்சிசைக்ளினுக்கு வீக்கத்தைக் குறைக்கிற குணமும் கொஞ்சம் இருக்கு, எது எதனாலன்னு நான் எப்படி சொல்றது. ஆனா என் ரிப்போர்ட்டை வெச்சுக்கிட்டு நான் அந்த ரிஸ்க்கை எடுக்க மாட்டேன்.

இதைச் சொன்னதும் வீட்டுல என்ன ஆச்சு தெரியுமா, லைம் இல்லன்னுட்டாங்களா, அப்ப ஒண்ணும் இல்லதானேன்னு எல்லாரும் மூச்சு விட்டாங்க. அது எப்படி ஒண்ணும் இல்லாம போகும்? லைம் நிஜமாவே வந்து, சரியா மருந்து சாப்பிட்டு முடிச்சவங்கள்லயே நூத்துல அஞ்சு பத்து பேருக்கு ஆறு மாசத்துக்கு மேலயும் இதே அசதி, இதே வலி, இதே மறதி தொடருது, காரணம் இன்னும் உறுதியா பிடிபடல, கோவிட் வந்துபோனவங்க எத்தனையோ பேர் இப்படித்தான் அல்லாடறாங்க. ரிப்போர்ட்ல கோடு விழலங்கறதுக்காக வலி பொய்யாயிடாது.

நல்ல சேதியும் இருக்கு. மொத்தமா எல்லாத்தையும் திரும்ப பார்த்ததுல வைட்டமின் பி12 ரொம்ப கம்மின்னு தெரிஞ்சுது, ஊசி போட ஆரம்பிச்சதுலருந்து பாதத்துல இருந்த மரத்துப்போன உணர்ச்சி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. நானும் லைம், லைம்னு அந்தப் பக்கமே போயிருந்தா இது யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. தைராய்டு சரியா இருக்கு. தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு ஒரு டெஸ்ட் பாக்கி. அப்புறம் தினமும் ராத்திரி டைரியில மூணே விஷயம் எழுதறேன், எவ்வளவு தூங்கினேன், என்ன வேலை செஞ்சேன், எங்க வலிக்குது. அதுல ஒண்ணு தெளிவா தெரிஞ்சுது, நல்லா இருக்கேன்னு ஒரு நாள் இழுத்துப் போட்டு வேலை செஞ்சா அன்னிக்கு ஒண்ணும் ஆகறதில்ல, மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோதான் அப்படியே படுக்க வெச்சிடுது. இதை அந்த ஸ்பெஷலிஸ்ட் ரொம்ப கவனமா படிச்சாங்க, க்ரானிக் ஃபெடீக் சிண்ட்ரோம்னு, தீராத அசதி நோய்னு சொல்றதுல இதுதான் முக்கியமான அடையாளமாம், ஆனா முட்டி வீக்கம் அதுல பொருந்தாது, அதனால மூட்டு டாக்டரையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. அடுத்த தடவை வீங்கின உடனே வந்து நில்லுங்க, முட்டியிலருந்து தண்ணி எடுத்து செல் எவ்வளவு இருக்கு, யூரிக் ஆசிட் மாதிரி படிகம் இருக்கா, பொரேலியாவோட டிஎன்ஏ இருக்கான்னு எல்லாத்தையும் ஒரே தடவையில பார்த்திடலாம்னும் சொன்னாங்க. அதனால இப்ப வீங்கினா போட்டோ எடுத்து, டேப் வெச்சு ரெண்டு முட்டியையும் அளந்து டைரியில ஒட்டறேன்.

இப்ப உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த அப்பாயின்ட்மென்ட்டை வாங்கித் தர்றேன்னு சொன்னியே, அதுக்கு பதிலா என் கூட இந்த மூட்டு டாக்டரைப் பார்க்க வர்றியா? தனியா போனா எனக்கு பாதியில தொண்டை அடைச்சு கண்ணு கலங்கிடுது, உடனே அவங்க ஃபைல்ல பதட்டம்னு எழுதிடறாங்க, அடுத்த டாக்டர் முதல்ல அதைத்தான் படிக்கிறாரு. நீ பக்கத்துல உக்காந்து அவங்க சொல்றதை எழுதிக்கோ, நான் விட்டதை எடுத்துச் சொல்லு. காலேஜ்ல விடிகாலையில என் கூட கிரவுண்டுல ஓடினவ நீ, இவ முன்னாடி எப்படி இருந்தான்னு நீ சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு.

கேள்வி எல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள எழுதி வெச்சிருக்கேன், முக்கியமானதை மேல போட்டு. அதையும், எப்ப என்ன ஆரம்பிச்சுதுன்னு தேதிவாரியா எழுதினதையும் நாளைக்கு உனக்கு அனுப்பறேன், எது புரியலன்னு படிச்சுப் பார்த்து சொல்லு, உனக்கே புரியலன்னா அவங்களுக்கும் புரியாது. தேதி அடுத்த வாரம் போன் பண்ணி சொல்றாங்களாம், வந்ததும் மெசேஜ் போடறேன், நீ லீவு போட முடியுமான்னு பார்த்து வெச்சுக்கோ. அம்மாவை கண்ணுக்கு சொட்டு மருந்தை விடாம போட்டுக்கச் சொல்லு.

உன்
வசந்தி