மாதாமாதம் திண்ணைக்கு வருகிறீர்கள், இதையும் கேளுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

என் அத்தைக்கு 58 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. 2021-இல் நீங்கள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் தன்னார்வலர் மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவார். அத்தையைத் திண்ணையில் உட்கார வைத்து பிரஷர் பார்ப்பார், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். அந்தப் பெண்ணிடம் அத்தை சொல்லாத கதை கிடையாது. ஒன்றைத் தவிர.

அது எனக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான். பொங்கலுக்குப் போயிருந்தபோது, விடியற்காலை நாலரை மணிக்குக் கொல்லையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அத்தை பாவாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல்லிலிருந்து வழிந்த தண்ணீர் லேசான சிவப்பாக இருந்தது. "ஒண்ணுமில்லடி, உடம்புச் சூடு" என்றார். தீட்டு நின்று ஏழு வருஷம் ஆன பிறகு மறுபடி பட ஆரம்பித்து, எட்டு மாதமாக வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். "இந்த வயசுல இதப் போயி யார்கிட்ட சொல்றது? சிரிக்க மாட்டாங்களா?"

எட்டு மாதத்தில் தன்னார்வலர் எட்டு முறை வந்து போயிருப்பார். அவரை நான் குறை சொல்லவில்லை. பிரஷரும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னோம், பார்த்தார். ஆனால் வீடு வீடாகப் போய் நிரப்பும் தேசிய சுகாதாரப் படிவத்தில், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு உண்டா என்ற கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. அத்தையிடம் அதை யாராவது கேட்டார்களா என்றேன். அப்படி யாரும் கேட்ட ஞாபகமே அவருக்கு இல்லை. கேட்டிருந்தாலும் மகனும் மருமகனும் நிற்கும் கூடத்தில் எந்தப் பெண் "ஆமாம்" என்பாள்? படிவத்தை நிரப்பிய அன்று இல்லாத உதிரம் ஆறு மாதம் கழித்து வந்தால் என்ன செய்வது?

இதைச் சர்க்கரை, பிரஷர் பார்க்கப் போகிறவர்தான் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். அதற்குக் கடிவாளம் போடும் புரோஜெஸ்டிரோன் என்கிற இன்னொரு ஹார்மோன் அப்போது இருக்காது. கொழுப்பு அதிகமானால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகலாம். அதனால்தான் பருத்த உடம்பும் சர்க்கரையும் உள்ள பெண்களுக்கு உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். உங்கள் தன்னார்வலர் மாதாமாதம் யாரைப் பார்க்கப் போகிறாரோ, அவர்களிலேயே இந்தப் பெண்கள் நிறைய இருக்கிறார்கள்.

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. தீட்டு நின்று ஒரு வருஷம் கழித்துப் படும் உதிரத்துக்கு, பெரும்பாலும் உட்சுவரோ பிறப்புறுப்போ வறண்டு மெலிந்து போவதுதான் காரணம். பாலிப் என்கிற சதை வளர்ச்சியாலும் வரும், ஹார்மோன் மாத்திரையாலும் வரும். உலக அளவில் இப்படி உதிரம் படும் நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குத்தான் உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கிறது. ஆனால் அந்தப் புற்றுநோய் வந்தவர்களைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் முதலில் கண்டது இந்த உதிரத்தைத்தான். கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிக் காட்டும் புற்றுநோய்கள் குறைவு. ஒரு சொட்டானாலும், பழுப்புக் கறையானாலும் காட்டிவிட வேண்டும்.

சொன்ன பிறகும் எங்கள் அலைச்சல் தீரவில்லை. முதலில் பார்த்த டாக்டர், "வயசானா அப்படித்தான்மா" என்று இரத்தம் நிற்க மாத்திரை எழுதினார். படுக்க வைத்துக்கூடப் பார்க்கவில்லை. கர்ப்பப்பை வாயில் புண்ணோ கட்டியோ இருந்தால் கருவி வைத்துப் பார்த்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அடுத்த இடத்தில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து மேலாக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். "எதுக்கு வம்பு, கர்ப்பப்பைய எடுத்துடலாம்" என்று தேதியும் குறித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறாதது அந்த இடத்தின் மேல்தான். உள்ளே இருப்பது புற்றா இல்லையா என்று தெரியாமல் கத்தி வைத்தால், சினைப்பையையும் சேர்த்து எடுப்பதா, புற்று பரவியிருக்கிறதா என்று நிணநீர் முடிச்சுகளைப் பார்ப்பதா என்று எப்படி முடிவு செய்வார்கள்?

மூன்றாவதாகப் போன அரசு மருத்துவக் கல்லூரியில்தான் முறையாகப் பார்த்தார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன். உட்சுவர் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றும், அப்படி இருந்தாலும் மறுபடி பட்டால் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அத்தைக்கு 11 இருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சிச் சதை எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லை. அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், சில நிமிஷத்தில் முடிந்தது. ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தது. கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. தெரிந்து செய்த ஆபரேஷன் என்பதால் எடுக்க வேண்டியதை எல்லாம் ஒரே தடவையில் எடுத்தார்கள்.

எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் முப்பது வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் "போன வருஷம்தான் பாத்தாங்க, நார்மல்னு சொன்னாங்க" என்றே அத்தை தைரியமாக இருந்திருக்கிறார். வாய் வேறு, உட்சுவர் வேறு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடும் பெண்களிடமும் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த மாத்திரையே உட்சுவரைத் தடிக்க வைக்கும் என்பதால், அவர்களுக்கு உதிரம் பட்டால் ஸ்கேன் அளவை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. தன்னார்வலர் மாதாமாதம், ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, "தீட்டு நின்ன பிறகு எப்பவாவது பட்டுச்சாக்கா?" என்று நம் பேச்சிலேயே கேட்கட்டும். ஆமாம் என்பவரை எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர் கையில் ஒரு சீட்டு இருக்கட்டும். கருவி வைத்துப் பார்க்காமல் இரத்தம் நிற்கும் மாத்திரை கொடுக்கக் கூடாது என்றும், சதைப் பரிசோதனை இல்லாமல் இவர்களின் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது என்றும் ஒரு சுற்றறிக்கை போடுங்கள். தாலுகா ஆஸ்பத்திரியிலேயே உள் ஸ்கேன் கிடைக்கச் செய்யுங்கள்.

போன மாதம் தன்னார்வலர் வந்தபோது அத்தையே அவரைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே 61 வயது அம்மா, கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் இரண்டு தடவை பட்டது என்று சொன்னாராம். வரும் செவ்வாய்க்கிழமை அவரை அழைத்துப் போக லீவு போட்டிருக்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போவதா, நேராக மருத்துவக் கல்லூரிக்கே பஸ் ஏறுவதா என்று கேட்டால், எங்கள் ஊரில் பதில் சொல்ல ஆள் இல்லை.

இப்படிக்கு,
எட்டு மாதம் தாமதமாகத் தெரிந்துகொண்ட ஒரு மருமகள்