சாமொரானோவைப் பற்றி ராஜுவுக்கு

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே நாங்கள் நலம். சின்னவன் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டான், சாப்பாட்டு நேரத்தில்தான் வீடு வெறிச்சென்று தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிலி நாட்டுக் கால்பந்தில் மார்செலோ சாலாஸுக்கு மேல் கோல் அடிக்கும் ஒரு ஸ்ட்ரைக்கர் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். சாலாஸின் இடது கால் அழகு எனக்கும் பிடிக்கும். 1998 பிப்ரவரியில் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் போட்ட இரண்டு கோல்களை யார் மறப்பார்கள்? நாட்டுக்காக அவர் அடித்தது 37, இவான் சாமொரானோ அடித்தது 34. கணக்கும் உன் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் எனக்கு முதலில் சாமொரானோதான்.

அவர் வளர்ந்த வழியைப் பார். சாண்டியாகோக்காரர், சிறு வயதிலேயே அப்பாவை இழந்தவர். ஆட்டம் தொடங்கியதோ அட்டகாமா பாலைவனத்தில், எல் சால்வடோர் என்ற செம்புச் சுரங்க ஊரின் கோப்ரேசால் அணியில். அந்த ஊரில் வாழும் மக்களைவிட மைதானத்தில் இருக்கைகள் அதிகம். அங்கிருந்து 1988இல் இத்தாலியின் போலோன்யா அவரை வாங்கியது, ஆனால் தன் அணியில் வைத்துக்கொள்ளாமல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனுக்கு விற்றுவிட்டது. 1989-90இல் சுவிஸ் லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். அப்புறம் ஸ்பெயினின் செவில்லா, 1992இல் அதே நாட்டின் ரியல் மாட்ரிட்.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது 1994-95 சீசனைத்தான். அதற்கு முந்தைய சீசனில் அவருக்குக் கோல் சரியாக வரவில்லை. பார்சிலோனாவிடம் மாட்ரிட் 5-0 என்று தோற்றதும் அந்த சீசனில்தான். புதிதாக வந்த பயிற்சியாளர் ஹோர்ஹே வால்டானோ தன் திட்டத்தில் சாமொரானோ இல்லை என்று தெரிவித்துவிட்டார். அப்போது களத்தில் ஒரே நேரத்தில் மூன்று வெளிநாட்டு வீரர்கள்தான் இருக்கலாம். இவரைப் போலவே வெளிநாட்டுக்காரர்களான ரெடோண்டோவும் லாட்ரப்பும் வந்து சேர்ந்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். இவர் போகவில்லை. பயிற்சியில் வியர்வை சிந்தி, வால்டானோவின் மனதை மாற்றினார். அந்த சீசனில் 28 கோல். ஸ்பெயின் லீக்கிலேயே அதுதான் அதிகம்.

1995 ஜனவரி 7 ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். அதே பார்சிலோனா, அதே 5-0, இந்த முறை மாட்ரிட் பக்கம். 39 நிமிடம் முடிவதற்குள் சாமொரானோ ஹாட்ரிக், அதாவது மூன்று கோல். முந்தைய ஆண்டுவரை பார்சிலோனாவுக்கு ஆடிய லாட்ரப் இப்போது இவருக்குப் பந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஜூனில் டெபோர்டிவோவுக்கு எதிராக 1-1 என்று நின்றபோது கடைசி நிமிடங்களில் கோல் போட்டு லீக் பட்டத்தை உறுதி செய்ததும் இவர்தான். வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒருவர், அதே சட்டையில், அதே பயிற்சியாளருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தலையால் முட்டிக் கோல் போடும் அவருடைய ஹெட்டர் பற்றித் தனியாகவே எழுதலாம். உயரம் 1.78 மீட்டர்தான். தன்னைவிட உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் ஒரு கணம் முன்னதாக எம்பி, அவர்கள் இறங்கும்போது இவர் மேலே இருப்பார். பக்கவாட்டிலிருந்து அடிக்கும் கிராஸ் எங்கே வந்து விழும் என்று கணிப்பதில்தான் பாதி வித்தை.

பின்னால் இத்தாலியின் இன்டர் மிலானில் 1+8 ஜெர்சி போட்ட கதை ஊருக்கே தெரியும். பிரேசிலின் ரொனால்டோவுக்குத் தன் 9ஆம் எண்ணை விட்டுக்கொடுத்து, கூட்டினால் 9 வரும்படி 18க்கு நடுவில் ஒரு கூட்டல் குறி. எனக்கு அதைவிட ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஇஎஃப்ஏ கோப்பையின் 1998 இறுதி ஆட்டம் முக்கியம். முந்தைய ஆண்டு ஷால்கேயிடம் பெனால்டியில் கோப்பை போனது, அவர் அடித்த பெனால்டியும் தடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாரிஸில் லாட்சியோவுக்கு எதிராக ஐந்தாம் நிமிடத்திலேயே முதல் கோல் அவருடையது. இன்டர் 3-0 என்று வென்றது.

இப்போது நீ சொன்ன 1998 உலகக் கோப்பை. சாலாஸ் நான்கு கோல் போட்டார், கேப்டன் சாமொரானோவுக்கு ஒன்றுகூட இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிட்னியை நீ ஏன் விட்டுவிட்டாய்? 2000 ஒலிம்பிக்கில் 23 வயதுக்குட்பட்ட பையன்களோடு, வயது வரம்பு தாண்டியவர்களுக்கான மூன்று இடங்களில் ஒன்றில் 33 வயதில் வந்தார். மொராக்கோவுக்கு எதிராக ஹாட்ரிக். ஸ்பெயினை வென்றார்கள், காலிறுதியில் நைஜீரியாவை 4-1 என்று சாய்த்தார்கள். அரையிறுதியில் கேமரூனிடம் 2-1 தோல்வி. அந்த வயதில், அவ்வளவு கோப்பைகளுக்குப் பிறகு, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மனசு விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவுக்கு எதிராக 2-0, இரண்டும் அவர் கோல். மொத்தம் ஆறு கோல், போட்டியிலேயே அதிகம். ஒலிம்பிக் கால்பந்தில் சிலிக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அந்த வெண்கலம்தான். சாலாஸ் கொடுத்தது எவ்வளவோ இருக்கலாம், இதற்கு ஈடாக எதை வைப்பாய் என்று நீயே சொல்.

பிறகு மெக்சிகோவின் 'அமெரிக்கா' என்ற கிளப் அணியில் ஒரு லீக் பட்டம், கடைசியில் சிறு வயதிலிருந்தே அவர் நேசித்த சிலியின் கொலோ-கொலோ அணி. 2003இல் ஓய்வு.

அந்த வெண்கலப் பதக்க ஆட்டத்தின் காட்சிகள் கிடைத்தால் பார்த்துவிட்டு எழுது. உன் சாலாஸ் கட்சியை அதற்குப் பிறகு பேசலாம். தங்கச்சியிடமும் பிள்ளைகளிடமும் நான் விசாரித்ததாகச் சொல். பேத்தியின் படம் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
கணேசன்