மதிப்பெண் 20ஐத் தாண்டினால் நாங்கள் யாரிடம் போவது?

சென்னையில் மருத்துவ உளவியல் கற்பிக்கும் துறைகளின் தலைவர்களுக்கும், எங்கள் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சாப்பாட்டோடும் தன் உடம்போடும் இளம் வயதினர் படும் பாட்டை ஆராயும் ஒரு லேபில் நான் முதுகலை மாணவியாக இருக்கிறேன். கல்லூரிகளுக்குப் போய்ப் படிவம் கொடுப்பது, நிரப்பி வாங்குவது, மதிப்பெண் போட்டுக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. போன பருவத்தில் வாங்கி வந்த படிவக் கட்டுக்குள் ஒரு படிவம் இருந்தது. 'சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்கிறேன்' என்ற வரிக்கு நேரே 'எப்போதும்' என்று டிக் அடித்திருந்தார் ஒரு பெண். யாரும் கேட்காமலே, ஓரத்தில் பென்சிலால் 'ராத்திரி மட்டும்' என்றும் எழுதியிருந்தார்.

படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் கேட்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது நாங்கள். அதை நம்பித்தான் அவர் உண்மையை எழுதினார். கைடிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. "பேரே இல்லாத டேட்டாம்மா, நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். விதிப்படி அது சரி. அன்று தாம்பரம் ரயிலில், காலையில் படிவம் வாங்கிய முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யாரென்று பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய நோயும் இல்லை இந்த உணவுக் கோளாறு. சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றும் பலருடைய எடை சாதாரணமாகவே இருக்கும். உள்ளே பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். பல்லின் மேற்பூச்சு அமிலத்தில் கரையலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு 'பிள்ளை நல்லாத்தான் சாப்பிடுது' என்றே தோன்றும்.

நாங்கள் பயன்படுத்தும் வினாத்தாள் ஈட்-26 (Eating Attitudes Test), சாப்பாட்டைப் பற்றிய மனப்போக்கை அளப்பது. 1979ல் கனடாவில் 40 கேள்விகளோடு உருவாகி, 1982ல் 26 கேள்விகளாகச் சுருங்கியது. 20 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் நோய் என்று அர்த்தமில்லை. அவரை ஒரு நிபுணர் நேரில் உட்கார வைத்துப் பேசிப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அதாவது இந்தக் கருவி ஒரு வாசல் மட்டும். எங்கள் தீசிஸ்களில் பெரும்பாலானவை அந்த வாசலிலேயே முடிந்துவிடுகின்றன. 'இத்தனை சதவீதம் பேர் 20ஐத் தாண்டினார்கள்' என்று ஒரு அட்டவணை போட்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து, படிவங்கள் பீரோவுக்குப் போய்விடுகின்றன. அந்தச் சதவீதத்தில் இருப்பவர்கள் அடுத்த நாள் காலை எப்போதும்போல ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போகிறார்கள்.

கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'நான் இன்னும் அதிகமாகச் சாப்பிட வேண்டும் என்று மற்றவர்கள் விரும்புகிறார்கள்' என்று ஒரு கேள்வி. 'சாப்பிடச் சொல்லி மற்றவர்கள் வற்புறுத்துகிறார்கள்' என்று இன்னொன்று. 'நான் ரொம்ப ஒல்லி என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்' என்று மூன்றாவது. நம் ஊரில் "என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்ட, இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கோ" என்று சொல்லாத அம்மாவோ அத்தையோ உண்டா? இந்த மூன்றுக்கும் 'எப்போதும்' என்று போட்டாலே, தலா 3 வீதம் 9 மதிப்பெண். 20க்குக் கிட்டத்தட்ட பாதி தூரம், அம்மாவின் அன்பிலேயே வந்துவிடுகிறது. 'உணவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறேன்' என்றும் கேட்கிறோம். சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடும் பெண் இதற்கு என்ன பதில் எழுதுவார்? ஒரு மாணவி என்னிடமே கேட்டார்: "அக்கா, இது தோசைக்கா, சோத்துக்கா?"

உண்மையில் கஷ்டப்படுகிறவர் நம் கேள்விகளில் நழுவிப் போகவும் வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் என்று வாரம் முழுக்க நீளும் பட்டினியை எந்த வரியில் எழுதுவது? 'குண்டாகிவிடுவேனோ' என்ற பயமே இல்லாமல் "சாப்பாடு இறங்க மாட்டேங்குது, நெஞ்சுலயே நிக்குது" என்று மட்டும் சொல்பவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? 1993ல் ஹாங்காங்கில் சிங் லீயும் சக ஆய்வாளர்களும் அனோரெக்சியா (சாப்பாட்டைக் குறைத்து ஆபத்தான அளவுக்கு இளைத்துப்போகும் நோய்) நோயாளிகள் 70 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எடை கூடிவிடும் என்ற பயம் இருக்கவில்லை. இங்கே சென்னையிலேயே டி.என். சீனிவாசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998ல் வெளியிட்ட ஆய்வில், மேலைநாட்டுப் பாடநூல் வரையறைக்குள் முழுதாக அடங்காத, அதைவிடச் சற்று மிதமான ஓர் உணவுசார் உளைச்சலை விவரித்தார்கள். அதைக் கண்டறியத் தனி வினாத்தாளும் உருவாக்கினார்கள். அந்த வேலை எங்கள் பாடத்தில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. நானே தற்செயலாகத் தேடிப் பிடித்துத்தான் படித்தேன். அப்போது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். வாந்தி, பட்டினி, பேதி மாத்திரை பற்றிக் கேட்கும் எந்த ஆய்வுக்கும், 'மதிப்பெண் கூடினால் யார் பார்ப்பார்' என்ற இடத்தில் ஒரு ஆளின் பெயரும் அவர் இருக்கும் அறையும் நேரமும் எழுதப்படாமல் அனுமதி தராதீர்கள். 'தேவைப்பட்டால் ஆலோசகரை அணுகலாம்' என்று ஒப்புதல் படிவத்தின் கடைசியில் ஒரு வரி போதாது. எந்த ஆலோசகர்? கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் பெயரையே கேலிச்சொல்லாகப் பேசும் ஊரில், 18 வயதுப் பெண் தானாக வழி கேட்டுப் போவார் என்று நினைப்பது நியாயமா? 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசி எண்ணைத் தனிச் சீட்டில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதும் என்று விட்டுவிடக் கூடாது.

பெயர் கேட்காமலே வழி செய்யலாம். படிவத்தோடு ஒட்டும் உறை ஒன்று கொடுப்போம். 'யாராவது என்னிடம் பேசினால் நல்லது' என்று நினைப்பவர் மட்டும் அதில் தன் போன் நம்பரை எழுதி ஒட்டித் தரட்டும். ஆய்வாளர்கள் அதைத் திறக்க வேண்டாம், துறையின் மருத்துவ உளவியலாளர் மட்டும் அன்று மாலையே திறக்கட்டும். படிவம் வாங்கும் நாளில் அவர் அதே வளாகத்தில் 2 மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். உறை வாங்கப் பெரிய செலவில்லை. அவருடைய நேரம்தான் செலவு, அதை நீங்கள்தான் ஒதுக்கித் தர முடியும்.

அப்புறம் எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த லேபைத் தேடி வருபவர்களில் சிலர் தங்கள் வீட்டிலோ தங்கள் உடம்பிலோ இதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். 200 படிவங்களில் எடையையும் கலோரியையும் பட்டினியையும் படித்துக்கொண்டே போகும்போது அவர்களுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னோடு மதிப்பெண் போட்ட தோழி ஒருத்தி மதியச் சாப்பாட்டை நிறுத்தியதை நான் 3 வாரம் கழித்துத்தான் கவனித்தேன். வாரம் ஒரு மணி நேரம், புள்ளிவிவரம் பேசாமல், இதைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும்.

அடுத்த சுற்றுக்கான படிவங்களை அச்சுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தின் கடைசி வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே எழுத ஒரு பெயர் தாருங்கள்.

இப்படிக்கு,
படிவங்களை எண்ணிக் கட்டும் மாணவி ஒருத்தி,
சென்னை