கொலைக்குப் பழக்கப்பட்ட பெண்ணின் கதை பிள்ளைகளைக் கெடுக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்பருவப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொலையைத் தொழிலாகக் கொண்ட பெண்களை நாயகிகளாக்கும் மிகைபுனைவு நாவல்கள் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கின்றன என்பது கட்டுரையாளரின் கவலை. அப்படிப்பட்ட ஒரு நாவல் வரிசையை இந்த ஆண்டு கீழே வைக்க மனமில்லாமல் படித்து முடித்தவள் நான். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவளும்கூட. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள், “பெரியம்மா, இது உங்க சப்ஜெக்ட்தான், படிச்சுப் பாருங்க” என்று கொடுத்த புத்தகம், ராபின் லஃபீவர்ஸ் எழுதிய ‘கிரேவ் மெர்சி’. 2012இல் வந்தது. 2013இல் ‘டார்க் ட்ரையம்ஃப்’, 2014இல் ‘மார்ட்டல் ஹார்ட்’ என்று கதை தொடர்கிறது. 2019லும் 2020லும் அதே உலகில் மேலும் இரண்டு நாவல்கள் வந்திருக்கின்றன. முதல் புத்தகத்தை முடித்த இரவே இரண்டாவதைக் கைபேசியில் வாங்கிவிட்டேன். விடியும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை.

கதை நடப்பது பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில், இன்றைய பிரான்சின் மேற்குக் கோடியில் அன்று தனிக் கோமகனின் ஆட்சியில் இருந்த பிரிட்டனியில். இஸ்மே என்ற பெண் கருவில் இருக்கும்போதே அவளைக் கலைக்கத் தாய் நஞ்சு குடிக்கிறாள். அதையும் மீறிப் பிறக்கிறாள். முதுகில் அந்த நஞ்சின் தழும்பு. ஊர் அவளைச் சாவின் மகள் என்று ஒதுக்குகிறது. தகப்பன் காசு வாங்கிக்கொண்டு அவளைப் பன்றி வளர்ப்பவன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கிறான். அவனுடைய அடியிலிருந்து தப்பி, ஒரு தீவில் இருக்கும் கன்னிமடத்துக்கு வந்து சேர்கிறாள். அங்கே வணங்கப்படுபவர் புனித மோர்ட்டெய்ன். கிறிஸ்தவம் வருமுன் இருந்த சாவின் தெய்வத்துக்குப் புனிதர் பட்டம் சூட்டி வைத்திருக்கிறார்கள். மடத்துப் பெண்கள் நஞ்சும் கத்தியும் அரண்மனை நடையுடையும் பயின்று, தலைவி காட்டும் ஆளைக் கொல்கிறார்கள்.

மோர்ட்டெய்ன் ஆசிரியரின் கற்பனை. ஆனால் கற்பனை முளைத்த மண் உண்மையானது. ரோமாபுரியின் முறையான பட்டியலில் ஏறாத ஊர்ப் புனிதர்களுக்கு பிரிட்டனியில் கோயில்கள் உண்டு. கிறீச்சிடும் வண்டியை ஓட்டிக்கொண்டு உயிர்களைச் சேகரிக்க வரும் ‘ஆங்கூ’ என்ற சாவின் உருவம் அவர்களுடைய நாட்டார் கதைகளில் இன்றும் உலவுகிறது. சுடலைமாடனுக்குக் கொடை நடக்கும் ஊர்க்காரியான எனக்கு இந்த இடத்திலேயே கதை பிடித்துப்போய்விட்டது. பெருஞ்சமயம் வந்த பிறகும் பழைய தெய்வம் ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என்னை முழுதாக இழுத்துப்போட்டது, இஸ்மே காவல் காக்கப் போகும் சிறுமிதான். அவள் கற்பனைப் பாத்திரம் இல்லை, பிரிட்டனியின் ஆன். 1488 ஜூலையில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றுப்போன அவளுடைய தந்தை, பிரிட்டனியின் கோமகன் இரண்டாம் பிரான்சுவா, பிரான்சு அரசரின் ஒப்புதல் இல்லாமல் மகள்களுக்கு மணம் முடிப்பதில்லை என்று ஆகஸ்டில் உடன்படிக்கையில் கையெழுத்திட நேர்ந்தது. அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். ஆனுக்கு அப்போது வயது பதினொன்று. அவளை மணந்தால் நாடு கிடைக்கும் என்று வரிசையில் நின்றவர்களில் ஒருவரான ஆலென் தால்ப்ரே நாற்பத்தெட்டு வயதுக்காரர். அந்தச் சிறுமி அவரை மறுத்தாள். 1490 டிசம்பரில் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து மாக்சிமிலியனை, அவர் நேரில் வராமலே பதிலாள் மூலம் மணந்தாள். மறு ஆண்டு தால்ப்ரே நான்ட் நகரத்தைப் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார், ரென் நகரம் முற்றுகையில் சிக்கியது, 1491 டிசம்பர் 6 அன்று லான்ழே கோட்டையில் எதிரி அரசரான எட்டாம் சார்லசையே அவள் மணக்க வேண்டியதாயிற்று. அவர் இறந்தபின் 1499இல் அடுத்த அரசர் பன்னிரண்டாம் லூயியையும் மணந்தாள். இரண்டு முறை பிரான்சின் அரசி. 1514இல் அவள் இறந்தபோது இதயத்தை மட்டும் தங்கப் பேழையில் வைத்து நான்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பேழை 2018இல் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டு, சில நாட்களில் மீட்கப்பட்டது.

இவற்றில் பெரும்பகுதியை நாவலில் படிக்கவில்லை. நாவல் தூண்டிவிட்டதால் தேடிப் படித்தேன். என் தங்கை மகளும் தேடியிருக்கிறாள். எனக்கு முன்பே அவளுக்கு லான்ழே தெரிந்திருந்தது. ஆதித்த கரிகாலன் கொலையைத் தொடர்கதையில் படித்துவிட்டு உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிப் போன வாசகர்கள் நம்மிடம் எத்தனை பேர்! வகுப்பில் ஐரோப்பிய வரலாற்றை ஆண்டாண்டாக நடத்தியும், ஒரு மாணவியைக்கூட இப்படித் தேடவைக்க என் பாடப்புத்தகம் உதவவில்லை.

கட்டுரையாளரின் முக்கியக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதற்குப் பதில் சொல்லக் கதையின் முடிச்சு ஒன்றை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. படிக்கப் போகிறவர்கள் பொறுத்தருள்க. கொல்லப்பட வேண்டியவர் உடலில் மோர்ட்டெய்ன் இடும் கருநிழல் போன்ற குறி இஸ்மேயின் கண்ணுக்குத் தெரியும். குறி இருந்தால் கொல்ல வேண்டும் என்பது மடத்தில் அவள் கற்ற பாடம். தலைவி சொல்வதே தெய்வத்தின் சொல் என்று நம்புகிறாள். அரண்மனைக்குப் போனதும் சந்தேகம் தொடங்குகிறது. தலைவி துரோகி என்று சந்தேகிக்கும், ஆனின் வேற்றுத்தாய் வயிற்று அண்ணன் டுவால்தான் ஆனுக்கு உண்மையாக இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. கடைசியில் போர்க்களத்தில் அவள் புரிந்துகொள்வது இதுதான்: சாகப் போகிற எல்லோர் மேலும் அந்தக் குறி வரும், அது யாரும் யாருக்கும் இட்ட ஆணை இல்லை. குற்றுயிராகக் கிடப்பவர்களின் வேதனையை முடித்துவைக்கும் மெல்லிய குறுவாள் ஒன்று அவளிடம் இருக்கிறது. இடைக்காலப் போர்களில் வீரர்கள் உண்மையாகவே வைத்திருந்த ஆயுதம் அது. பழிவாங்கக் கற்றுக்கொண்ட கை, மெல்ல மெல்ல இரக்கத்துக்குப் பழகுகிறது. இதைப் படித்த பிள்ளை கொலையை விரும்பிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் கைநீட்டிக் காட்டியவுடன் ஒருவரை வெறுத்துவிடக் கூடாது என்று யோசிக்கத் தொடங்கும். நம் பிள்ளைகளுக்கு இன்று அந்த யோசனை அவசரமாகத் தேவை.

குறைகளும் உண்டு. காதல் சில இடங்களில் அரசியலை ஓரங்கட்டிவிடுகிறது. மூன்றாம் நாவலின் நடுப்பகுதி தொய்கிறது. தால்ப்ரேயை ஆசிரியர் அரக்கனாகவே ஆக்கிவிட்டார்; நாவலில் அவர் செய்யும் கொடூரங்களை வரலாறாகக் கொள்ளக் கூடாது. தால்ப்ரேயின் வீட்டில் வளர்ந்து மடத்துக்கு வந்த சிபெல்லா என்ற பெண்ணை மடம் மறுபடியும் அதே வீட்டுக்கு உளவு பார்க்க அனுப்புவதுதான் இரண்டாம் நாவல். வரிசையிலேயே சிறந்தது அதுதான் என்பது என் கருத்து. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றி, தப்பித்து வந்த பெண்ணின் உடம்பு எதையெல்லாம் மறக்க மறுக்கிறது என்பதைப் பற்றி, இளையோருக்கான நாவலில் இவ்வளவு நேர்மையாக எழுதி நான் படித்ததில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுக்க மாட்டேன்.

இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எந்த நாவலை எந்த வயதில் படிக்கலாம், எதில் சரக்கு இருக்கிறது, எது வெறும் அட்டைப்படம் என்று பெற்றோருக்கும் நூலகர்களுக்கும் எடுத்துச் சொல்ல உங்கள் மதிப்புரைப் பகுதியில் இடமில்லை. சிறுவர் கதைகளுக்கு ஆண்டுக்கு ஒரு சிறப்பிதழ் போடுகிறீர்கள், பெரியவர்களின் நாவல்களுக்கு மாதந்தோறும் பக்கங்கள் ஒதுக்குகிறீர்கள். பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்கள் படிப்பதை மட்டும் யாரும் படித்துப் பார்ப்பதில்லை, பொத்தாம்பொதுவாகக் கண்டிக்கிறோம்.

மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். புத்தகத்தை முழுதாகப் படித்தவரே மதிப்புரை எழுதட்டும். அந்த வயதுப் பிள்ளைகளும் எழுதட்டும். தமிழில் அந்த வயதினருக்கென்று எழுதுகிறவர்களின் நூல்களையும் அதே பக்கத்தில் பேசுங்கள். ஒவ்வொரு மதிப்புரையின் கீழும் எந்த வயதுக்கு ஏற்றது என்று ஒரு வரி இருந்தால், பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை.